ஸ்டிக்கரில் 150, இரவில் இரண்டு மணி பத்து நிமிடம்

அழகர் ஆற்றில் இறங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. 2025 மே மாதம். பகலெல்லாம் கத்திரி வெயில் காய்ச்சி எடுத்துவிட்டு, இரவு பத்தரைக்கு மேல் சூறைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. மதுரை திருநகரில் எங்கள் தெருமுனை வேப்பமரம் ஒரு கிளையை முறித்து மின்கம்பியின் மேல் போட்டது. பத்து நாற்பதுக்கு மின்சாரம் போனது. அப்பாவின் அறையில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒரு கணம் முனகிவிட்டு இன்வெர்ட்டரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பேட்டரி 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அது கொள்ளும் மின்சாரத்தின் அளவு), வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. விடியும்வரை தாங்கும் என்ற தைரியத்தில் படுத்துவிட்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. கையை ஊன்றி எழுந்து அப்பாவின் அறைக்குப் போவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

அப்பா பஞ்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்தப் பஞ்சுத்தூசியும் அவருடைய பீடியும் சேர்ந்து நுரையீரலைப் பாதியாக்கிவிட்டன. இரவு முழுவதும் ஆக்சிஜன் வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. நல்லவேளையாக அறை மூலையில் சிறிய சிலிண்டர் ஒன்று நிறைத்து வைத்திருந்தோம். அதை மாட்டிவிட்டு, முள் எவ்வளவு இறங்குகிறது என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மின்வாரிய ஊழியர்கள் மழையிலேயே வந்து கிளையை வெட்டி, நான்கு மணிக்கு இணைப்புக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். “மாடி நிறைய சோலார் போட்டிருக்கிறீர்களே, அப்புறம் எதற்கு பேட்டரி?” பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வாங்கிப் போட்ட 3 கிலோவாட் அது. மின்வாரியத் தடத்தோடு இணைந்து ஓடுவது. தடத்தில் மின்சாரம் நின்றால், கம்பியில் வேலை செய்பவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அதுவும் தானாகவே நின்றுவிடும். நடுப்பகலில் மின்சாரம் போனாலும் மாடியில் வெயில் காயும், கீழே விசிறி சுற்றாது. இரவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் அரிசி மில்லில் கணக்கு எழுதுபவன். கணக்கு உதைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அன்று காலையே பேப்பரும் பேனாவுமாக பேட்டரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கான்சன்ட்ரேட்டர் 340 வாட். விசிறி, ஒரு விளக்கு, காற்றுப்படுக்கையின் சிறு மோட்டார் எல்லாம் சேர்த்து 420 வாட். இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 500 வாட் போகிறது. 12 வோல்ட்டில் அது 42 ஆம்பியர். 150ஐ 42ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். கிடைத்ததோ இரண்டு மணி பத்து நிமிடம். மீதி ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

ஸ்டிக்கரிலேயே விடை இருந்தது. 150 என்ற எண் கட்டைவிரல் பருமன், அதன் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் ‘சி20’. இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் 150 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். நான் எடுத்தது அதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

கரும்புச்சாறு பிழியும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நெருக்குகிறது என்று சக்கரத்தை ஒரே ஓட்டாக ஓட்டினால் பாதிச் சாறு சக்கையிலேயே தங்கிவிடும். நிதானமாக மடித்து மடித்துக் கொடுத்தால் கடைசிச் சொட்டுவரை இறங்கும். ஈய அமில பேட்டரியும் அப்படித்தான். வேகமாக மின்சாரத்தை இழுக்கும்போது தகட்டின் உள்ளறைகளுக்கு அமிலம் போய்ச் சேர நேரம் கிடைப்பதில்லை. வோல்ட் சரிகிறது, இன்வெர்ட்டர் ‘தீர்ந்தது’ என்று அணைந்துவிடுகிறது. உண்மையில் தீரவில்லை. அன்று விடியற்காலையில் சும்மா போட்டுப் பார்த்தபோது அதே பேட்டரியில் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தது. போய்க்ர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே இதை அளந்து சமன்பாடாக எழுதிவைத்துவிட்டார். 128 வருடம் கழித்து எனக்கு நள்ளிரவில் புரிந்தது.

கோபம் அடங்காமல் அந்த பேட்டரியை வாரண்டிக்கு எடுத்துப் போனேன். ஆட்டோவுக்கு மட்டும் 250 ரூபாய். அது கிட்டத்தட்ட ஐம்பது கிலோ, அமிலம் வேறு தளும்பும். கடையில் இரண்டு நாள் வைத்து முழுதாக ஏற்றி, ஆறு அறையிலும் ஹைட்ரோமீட்டர் விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்து, சிறு சுமை போட்டு ஓட்டிக் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. “அண்ணே, பேட்டரியில் பழுது இல்லை. உங்கள் லோடுதான் அதிகம்” என்றார் பையன். சரியான பதில்தான். வாரண்டி என்பது ஸ்டிக்கரில் எழுதிய வேகத்துக்குக் கொடுத்த வாக்கு. என் வீட்டு வேகத்துக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் ரேட்டிங்கையும் வாரண்டியையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது என்பது அன்றுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் டவுன்ஹால் ரோடு, தல்லாகுளம், பைபாஸ் ரோடு என்று அலைந்து விலைப்பட்டியல் சேர்த்தேன். எனக்கு வேண்டியது 500 வாட் இழுப்பில் எட்டு மணி நேரம், அதாவது பேட்டரியிலிருந்து நான்கு யூனிட். கையில் தேறியவை இரண்டு வகை. ஒன்று, சோலாருக்கென்று விற்கும் சி10 டியூபுலர் (குழாய் வடிவத் தகடு வைத்த ஈய அமில பேட்டரி), 150 ஏ.எச். நான்கு, ஒன்று 15,500 வீதம் 62,000 ரூபாய். இன்னொன்று லித்தியம், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 51.2 வோல்ட், 100 ஏ.எச்., ஏறக்குறைய ஐந்து யூனிட். இதில் மூன்று கம்பெனிகள், 98,000 முதல் 1,32,000 வரை. எதை எடுத்தாலும் 48 வோல்ட் இன்வெர்ட்டர் புதிதாக வாங்க வேண்டும், ஆகவே அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கடைக்காரர், மாடி சோலாரையும் பிரித்து, சோலாரும் பேட்டரியும் ஒன்றாக ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டராக மாற்றச் சொன்னார். மானியம் வாங்கி, மீட்டர் வைத்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி தனி இன்வெர்ட்டரில் வீட்டு மின்சாரத்திலேயே ஏறட்டும், பகலில் ஏறினால் அது மாடியில் விளைந்ததுதானே?

சி10 என்பது பத்து மணி நேரத்துக் கணக்கு. ஒரே 150 என்று எழுதியிருந்தாலும் சி20 பேட்டரியைவிட சி10 பேட்டரியில் சரக்கு கூடுதல். விலையும் எடையும் கூடுவது அதனால்தான். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து “இது விலை மலிவு” என்று காட்டினால், முதலில் அந்தக் கடுகு எழுத்தைத் தேடுங்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான்கு பேட்டரியைத் தொடராக இணைத்து 48 வோல்ட் ஆக்கினால் என்னுடைய 500 வாட்டுக்குப் பத்து ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். சி10 வேகமான பதினைந்து ஆம்பியரைவிடக் குறைவு. முழுக் கொள்ளளவும் கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் இறக்கினால் பேட்டரிக்கும் ஆயுள். ஆகவே டியூபுலர் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஒற்றை டியூபுலரின் தலையில் நான்கு பேர் சுமையை ஏற்றியதுதான் என் தவறு.

லித்தியத்தில் இந்த ‘சி’ வேறு வேலை செய்கிறது. அங்கே வேகமாக இழுத்தாலும் கொள்ளளவு அவ்வளவாகக் குறைவதில்லை. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் இழுக்கவே விடாது. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று பட்டென்று துண்டித்துவிடும். 0.5சி என்றால் 100 ஏ.எச். பேட்டரியில் 50 ஆம்பியர், 51.2 வோல்ட்டில் இரண்டரை கிலோவாட். 1சி என்றால் அதன் இருமடங்கு. 1,32,000 ரூபாய்க்காரர் இந்த 1சி-ஐத்தான் பெருமையாகச் சொன்னார். என் இழுப்போ பத்து ஆம்பியர், வெறும் 0.1சி. குடத்தில் தண்ணீர் மொள்ளுகிறவனுக்கு ஆறு அங்குலக் குழாய் எதற்கு? கிணற்று மோட்டார் ஓட்ட நினைப்பவர்களுக்கு அது வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் வெளியே தருவது 746 வாட், ஓடும்போது இழுப்பது அதைவிடக் கூடுதல், கிளம்பும்போதோ ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை ஒரே கடியாகக் கடிக்கும். அதனால் தொடர் ஆம்பியர் எவ்வளவு, உச்ச ஆம்பியர் எவ்வளவு, அந்த உச்சத்தை எத்தனை நொடி தாங்கும் என்று மூன்றையும் கேட்க வேண்டும். நொடியைச் சொல்லாமல் உச்சத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரம். நான் மோட்டாரையே இதில் சேர்க்கவில்லை. மேல்தொட்டியை மாலையிலேயே நிரப்பிவிட்டால் தீர்ந்தது.

(இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை பேட்டரிக்கு ஏற்ற பொருளாக அமெரிக்காவில் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்குழு கட்டுரையாக வெளியிட்டது 1997-இல். போய்க்ர்ட் எழுதிச் சரியாக நூறாவது ஆண்டு. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் அக்‌ஷய பாதி என்ற இந்தியருடையது. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். “அப்படியா சார், ஜி.எஸ்.டி. பில் வேண்டுமா?” என்றார்.)

இனி வாரண்டி. என் தூக்கத்தைக் கெடுத்ததும், பணத்தைக் காப்பாற்றியதும் இதுதான்.

டியூபுலரில் ‘60 மாதம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே 36+24. முதல் 36 மாதம் பழுதானால் வேறு பேட்டரி இலவசம். அடுத்த 24 மாதம் புதிய பேட்டரி வாங்கும்போது தள்ளுபடி மட்டும். மேலூரில் இருக்கும் என் மச்சினனுக்கு நாற்பதாவது மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது. தள்ளுபடி தருகிறோம் என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் தள்ளுபடி அச்சடித்த எம்.ஆர்.பி. விலையில். கடைத்தெருவில் அந்த விலைக்கு யாரும் எப்போதும் விற்பதில்லை. எல்லாம் கழித்துப் பார்த்தபோது, வாரண்டியே இல்லாமல் பக்கத்துக் கடையில் வாங்கியிருந்தால் எண்ணூறு ரூபாய்தான் கூடுதலாக ஆகியிருக்கும். “மச்சான், அந்த எண்ணூறுக்கு நான் மூன்று தடவை மதுரைக்கு வந்துவிட்டேன்” என்றான். அதிலிருந்து 36+24 என்றால் என் நோட்டில் 36 என்றுதான் எழுதுவேன்.

லித்தியத்தில் மூன்றும் ‘10 வருடம்’. அப்பாவிடம் சொன்னேன். “பத்து வருடமா? அதற்கா, எனக்கா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. வாரண்டித் தாளை முழுவதும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். இரண்டு கடைக்காரர்கள் விளம்பரத் தாளை அனுப்பினார்கள். அது வேறு, இது வேறு. விடாமல் கேட்டு வாங்கினேன்.

1,18,000 ரூபாய்ப் பேட்டரியின் தாளில் இப்படி இருந்தது: பத்து வருடம், அல்லது மொத்தம் 15 மெகாவாட் மணி வெளியேறும்வரை, எது முந்துகிறதோ அது. 15 மெகாவாட் மணி என்றால் 15,000 யூனிட். நாளுக்கு நான்கு யூனிட் எடுத்தால் 3,750 நாள், பத்து வருடத்துக்குச் சற்று மேல். சொன்ன சொல்லும் கணக்கும் ஒத்துப்போகின்றன. 98,000 ரூபாய்ப் பேட்டரியின் அட்டையில் ‘6000 சுழற்சி’ என்று கொட்டை எழுத்து (ஒருமுறை முழுதாக ஏறி இறங்குவது ஒரு சுழற்சி). தாளின் நான்காம் பக்கத்தில் 7.5 மெகாவாட் மணி. அதே நான்கு யூனிட் வீதம் 1,875 நாள். ஐந்து வருடம் தாண்டியவுடன் பத்து வருட வாரண்டி முடிந்துபோகும். வாரண்டி தரும் ஒரு யூனிட்டுக்கு முதலாவது ஏழே முக்கால் ரூபாய்க்குச் சற்று மேல், இரண்டாவது பதின்மூன்று ரூபாய். மலிவுப் பேட்டரிதான் விலை கூடியது!

வெற்றிக் களிப்போடு இதை மனைவியிடம் விளக்கினேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “நாம் என்ன தினமும் நான்கு யூனிட் எடுக்கவா போகிறோம்? மின்சாரம் போனால்தானே?” என் கணக்கு அங்கேயே கவிழ்ந்தது. மாதம் ஐந்து இரவு முழுதாக ஓடினாலும் வருடத்துக்கு 240 யூனிட், பத்து வருடத்துக்கு 2,400. இரண்டு எல்லையையும் நாங்கள் தொடவே போவதில்லை. தினமும் மாலையில் சோலார் மின்சாரத்தை எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் மெகாவாட் மணி முக்கியம். மின்வெட்டுக்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வருடம்தான் கணக்கு. அப்படிப் பார்த்தால் மலிவானது வருடத்துக்கு 9,800, மற்றது 11,800. டியூபுலர் நான்கும் சேர்ந்து, முழு வாரண்டி மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வைத்தால், 20,667. ஐந்து வருடம் என்று தாராளமாக வைத்தாலும் 12,400.

ஆக, 98,000 ரூபாய்ப் பேட்டரிக்கு முன்பணம் கொடுக்கப் புறப்பட்டுவிட்டேன். வெப்பநிலைப் பத்தியை மட்டும் படிக்காமல் விட்டிருந்தேன். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது அது நினைவுக்கு வந்தது. நிழற்குடையிலேயே செல்பேசியில் திறந்து படித்தேன். பேட்டரி இருக்கும் இடத்தின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக்கூடாது, தாண்டிய பதிவு பி.எம்.எஸ்.ஸில் இருந்தால் வாரண்டி செல்லாது. மதுரையில் மே மாதம் 35 டிகிரிக்கு எங்கே போவது? மீனாட்சியம்மன் கோயில் கருங்கல் மண்டபத்தில் வேண்டுமானால் கிடைக்கும். எங்கள் பழைய பேட்டரி இருந்த மாடிப்படி அறையில், தகரக் கூரையின் கீழ், மூன்று மணிக்கு வெப்பமானி 43 காட்டியது. ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்லும் கணக்கு. லித்தியத்துக்கும் வெப்பம் பகைதான், அது தன் வாயால் நாட்குறிப்பும் எழுதிவைத்துக்கொள்ளும் என்பதுதான் வேறுபாடு. எத்தனை டிகிரி, எத்தனை முறை முழுதாக வடிந்தது, எத்தனை நாள் வெறுமையாகக் கிடந்தது, எல்லாம் பதிவாகும். வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் அதைத்தான் படிப்பார்கள். 1,18,000 ரூபாய்க்காரர் தாளில் எல்லை 45 டிகிரி. பஸ்ஸில் ஏறி அங்கே போனேன்.

இரண்டு தாளிலும் பத்து வருட முடிவில் எவ்வளவு கொள்ளளவு மீதமிருக்க வேண்டும் என்பதிலும் வேறுபாடு இருந்தது. ஒன்றில் 70 விழுக்காடு, மற்றதில் 60. ஐந்து யூனிட்டில் 60 என்றால் மூன்று யூனிட். எங்களுக்கு ஆறு மணி நேரம். எட்டு மணி நேரம் என்று வாங்கி ஆறில் நின்றாலும் அவர்கள் கணக்கில் அது பழுது இல்லை. வாங்கும்போதே கடைசி வருடக் கொள்ளளவை வைத்துத்தான் தேவையைப் பொருத்திப் பார்க்க வேண்டும். எனக்கு 70-லேயே ஏழு மணி நேரம்தான் வருகிறது. சிலிண்டர் இருப்பதால் சரி என்று விட்டேன்.

பிறகு சில்லறை விஷயங்கள், ஆனால் சண்டை இவற்றில்தான் வரும். பில்லில் பேட்டரியின் வரிசை எண் இருக்க வேண்டும். கையால் எழுதினாலும் பரவாயில்லை, கடை முத்திரை வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். வாரண்டி விற்ற தேதியிலிருந்தா, தயாரித்த தேதியிலிருந்தா என்று கேளுங்கள். பழுதானால் இந்த ஐம்பது கிலோவை யார் தூக்கிப் போவது, எந்த ஊருக்கு, யார் செலவில் என்று எழுதி வாங்குங்கள். ஒரு கம்பெனியின் சேவை மையம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது, போக்குவரத்து வாங்கியவர் பொறுப்பாம். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை, ஆனால் தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே போனாலும் முதல் கேள்வி பில் எங்கே என்பதுதான்.

புதிய பேட்டரியை மாடிப்படி அறையில் வைக்கவில்லை. தரைத்தளத்தில் படிக்கட்டின் அடியில், வடக்குச் சுவரை ஒட்டி வைத்தோம். அம்மா இருந்தவரை ஊறுகாய்ப் பானைகள் இருந்த இடம், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை. ஒரு சாதாரண வெப்பமானியைப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவு பத்து மணிக்கு நானே மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். காலை ஆறு மணிக்கு மீதம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன். முதல் முறை 23 விழுக்காடு, அடுத்த முறை 22. பழைய 150 ஏ.எச். பேட்டரி கூடத்துக்குப் போய்விட்டது. ஒரு விசிறியும் இரண்டு விளக்கும்தான் அதன் சுமை, ஏழு ஆம்பியர் சொச்சம். அந்த இரவுகளில் அதுவும் விடியவிடிய ஓடுகிறது. இரண்டாவது சோதனையன்று காலையில் அப்பா கூடத்துக்கு வந்து மேலே பார்த்தார். “இந்த பேட்டரியைத்தானே அன்றைக்கு ஆட்டோ வைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனாய்?” என்றார்.